பி.எட்., சிறப்புப் பி.எட்.: கிறித்தவக் கல்வியியல் கல்லூரிகளில் ஆசிரியர் உருவாகும் விதம்

பட்டப்படிப்பை முடித்த பிள்ளையை அழைத்துக்கொண்டு கல்வியியல் கல்லூரி அலுவலகத்துக்கு வரும் பெற்றோர் பலர் ஒரே விதமான கேள்விகளைக் கேட்கிறார்கள். கிறித்தவக் கல்லூரி என்றால் மற்றவர்களுக்கு இடம் கிடைக்குமா, சிறப்புக் கல்வி என்றால் பார்வையற்ற பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளும் வேலைதானே, அதற்குப் பொறுமையும் இரக்கமும் போதாதா, எந்த பி.எட். படித்தாலும் எந்தப் பள்ளியிலும் சேர்ந்துவிடலாம் அல்லவா என்பவை அவற்றுள் சில. மூன்று கேள்விகளிலும் பாதி உண்மையும் பாதித் தவறும் கலந்திருக்கின்றன. அந்தப் பாதித் தவறை நம்பி இரண்டு ஆண்டுகளையும் ஒரு குடும்பத்தின் சேமிப்பையும் இழந்தவர்கள் இருக்கிறார்கள் என்பதால், தமிழ்நாட்டின் நிலையை வைத்து இதை அடியிலிருந்து விளக்க முயல்கிறேன்.

தெரிந்திருப்பது வேறு, தெரியவைப்பது வேறு

வீட்டில் அருமையாக ரசம் வைக்கும் ஒரு பெரியம்மாவிடம் செய்முறை கேட்டுப் பாருங்கள். "புளியை அளவாகக் கரைத்துக்கொள், நுரை கட்டியதும் இறக்கிவிடு" என்பார். அளவு என்றால் எவ்வளவு, நுரை எந்த நிலையில் கட்டியதாகக் கொள்வது என்பதெல்லாம் அவருடைய கைக்குத் தெரியும். வாய்க்குச் சொல்லத் தெரியாது. தமக்குத் தானாக வரும் ஒன்றைத் துண்டு துண்டாகப் பிரித்து, எதிரில் இருப்பவருக்கு எந்தத் துண்டு தெரியாது என்று கண்டுபிடித்து, அதை மட்டும் எடுத்துக் கொடுப்பது தனியான ஒரு திறமை. கணிதத்தில் முதல் வகுப்பில் தேறியவர் ஆறாம் வகுப்புப் பிள்ளைக்குப் பின்னம் புரியவைக்கத் தடுமாறுவதற்கும் இதுவே காரணம். ஆசிரியர் பயிற்சி என்பது பாடத்தை இரண்டாம் முறை படிப்பதன்று. தெரிந்ததைப் பிரித்துக் கொடுக்கப் பழகுவது.

இந்தப் பழக்கம் எப்படி வருகிறது? முதலில் நுண்ணிலைக் கற்பித்தல் என்ற பயிற்சி நடக்கும். ஒரே ஒரு திறனை மட்டும் எடுத்துக்கொண்டு, ஐந்து முதல் ஏழு நிமிடம், சக மாணவர் சிலர் முன்னிலையில் பாடம் நடத்திப் பார்ப்பது என்பது இதன் பொருள். அன்றைய திறன் வினாக் கேட்டல் என்றால், கரும்பலகையில் எழுத்து கோணலாக இருந்தாலும் அதைப் பற்றி யாரும் பேச மாட்டார்கள். கேள்வி கேட்டபின் எத்தனை நொடி காத்திருந்தார், பதில் தெரிந்த ஒரே பிள்ளையை நோக்கியே கேட்டாரா, தவறான பதில் வந்தபோது என்ன செய்தார் என்பவற்றை மட்டும் பின்வரிசையில் அமர்ந்தவர்கள் குறித்துக்கொள்வார்கள். குறைகளைக் கேட்டபின் அதே ஐந்து நிமிடத்தை மறுபடியும் நடத்த வேண்டும். முதல் முறை நடத்தும் மாணவர் கேள்வியைக் கேட்டுவிட்டு, இரண்டு நொடிகூடப் பொறுக்காமல் தாமே பதிலையும் சொல்லிவிடுவது வழக்கமாக நடப்பது. மௌனம் அவரை அச்சுறுத்துகிறது. அந்த மௌனத்தில்தான் பிள்ளை யோசிக்கிறது என்பதைப் புத்தகம் படித்து யாரும் உணர்வதில்லை.

அதன் பிறகு பள்ளிக்குச் சென்று உண்மையான வகுப்பில் நடத்தும் கற்பித்தல் பயிற்சி வருகிறது. 2014ஆம் ஆண்டு விதிமுறைகளுக்குப் பின் பி.எட். படிப்பு ஓராண்டிலிருந்து ஈராண்டாக உயர்ந்தது. பள்ளிப் பயிற்சியும் 20 வாரமாக நீண்டது. பாடக்குறிப்பேடு எழுதுவது, கற்பித்தல் உபகரணம் செய்வது, வழிகாட்டி ஆசிரியரிடம் கையெழுத்து வாங்குவது எல்லாம் இந்த வாரங்களில் நடப்பவை. குறிப்பேட்டின் அட்டைக்கும் அலங்காரத்துக்கும் சில இடங்களில் கொடுக்கப்படும் முக்கியத்துவம் எனக்கு உடன்பாடானதன்று. அந்த நேரத்தில் மாணவர் வகுப்பின் கடைசி வரிசையில் உட்கார்ந்து பிள்ளைகளைக் கவனித்தால் அதிகம் கற்பார்.

இதுவரை சொன்னதன் சாரம்: பாட அறிவு பட்டப்படிப்பில் வருகிறது, அதைப் பிரித்துக் கொடுக்கும் திறன் பயிற்சியில் வருகிறது, இரண்டும் ஒன்றல்ல.

பயிற்சி கொடுப்பவர் ஒருவர், உரிமம் கொடுப்பவர் வேறொருவர்

ஓட்டுநர் பயிற்சிப் பள்ளியை நினைத்துக்கொள்ளுங்கள். பள்ளியை எந்தச் சமயத்தவரும் நடத்தலாம். வண்டியின் முன்கண்ணாடிக்கு அருகில் பிள்ளையார் படமோ சிலுவையோ பிறையோ இருக்கலாம். ஆனால் வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தில் எட்டுப் போட்டுக் காட்டும் தேர்வு எல்லோருக்கும் ஒன்றுதான். பைக்குக்கு எடுத்த உரிமத்தை வைத்துக்கொண்டு லாரி ஓட்டவும் முடியாது.

ஆசிரியர் பயிற்சியும் ஏறத்தாழ இப்படித்தான் இயங்குகிறது. கல்லூரி பயிற்சி கொடுக்கிறது. அந்தப் பயிற்சி எப்படி இருக்க வேண்டும், எத்தனை ஆசிரியர் வேண்டும், எத்தனை வாரம் பள்ளிக்கு அனுப்ப வேண்டும் என்ற விதிகளைத் தேசிய ஆசிரியர் கல்விக் குழுமம் வகுக்கிறது. 1993ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி அமைந்த இந்த மத்திய அமைப்பின் அங்கீகாரம் இல்லாத பி.எட். பட்டம் வேலைக்கு உதவாது. தமிழ்நாட்டில் பாடத்திட்டம், தேர்வு, பட்டம் ஆகியவற்றை 2008இல் தொடங்கப்பட்ட தமிழ்நாடு ஆசிரியர் கல்வியியல் பல்கலைக்கழகம் கவனிக்கிறது. பட்டம் வாங்கிய பிறகும், எட்டாம் வகுப்பு வரை கற்பிக்கும் பணிக்கு ஆசிரியர் தகுதித் தேர்வு என்ற தனித் தேர்வு இருக்கிறது. கட்டாயக் கல்வி உரிமைச் சட்டம் 2009இல் வந்ததன் தொடர்ச்சியாக ஏற்பட்டது இது. முதல் தாள் ஐந்தாம் வகுப்பு வரை கற்பிப்போருக்கும், இரண்டாம் தாள் ஆறு முதல் எட்டு வரை கற்பிப்போருக்கும் உரியது. பிளஸ் டூ முடித்த உடனே சேரும் ஈராண்டுத் தொடக்கக் கல்விப் பட்டயப் படிப்பு பி.எட். அன்று என்பதையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன்; அது தொடக்க வகுப்புகளுக்கான தனித் தடம்.

கிறித்தவக் கல்லூரி என்பதன் பொருள்

இந்த மண்ணில் ஆசிரியர் பயிற்சிக்கும் கிறித்தவ நிறுவனங்களுக்கும் உள்ள தொடர்பு மூன்று நூற்றாண்டுப் பழமை உடையது. 1706இல் தரங்கம்பாடியில் இறங்கிய ஜெர்மானிய மிஷனரி சீகன்பால்கு, பள்ளிகள் பெருகியபோது அவற்றுக்கு ஆசிரியர் கிடைக்காமல் 1716இல் ஆசிரியர்களைப் பழக்கும் ஒரு நிறுவனத்தை அங்கே ஏற்படுத்தினார். அந்த நூற்றாண்டின் இறுதியில் சென்னை எழும்பூரில் இராணுவ வீரர்களின் ஆதரவற்ற பிள்ளைகளுக்கான விடுதியை நடத்திய ஆண்ட்ரூ பெல் என்ற ஆங்கிலிகன் குருவானவர், உள்ளூர்ப் பள்ளி ஒன்றில் பிள்ளைகள் மணலில் விரலால் எழுதிப் படிப்பதைப் பார்த்து, அதைத் தம் விடுதியில் கொண்டுவந்தார். மூத்த பிள்ளைகளைக் கொண்டு இளையவர்களுக்குக் கற்பிக்கும் முறையையும் அங்கே வளர்த்தெடுத்தார். நம் திண்ணைப் பள்ளியின் சட்டாம்பிள்ளை செய்ததும் ஏறக்குறைய அதுதான். இங்கிலாந்துக்குத் திரும்பிய பெல் அதை எழுதி அச்சிட்டபோது அதற்கு 'மெட்ராஸ் முறை' என்ற பெயரே நிலைத்தது. திண்ணையில் விளைந்த ஒன்று கடல்கடந்து போன இந்தச் செய்தியை நம் பி.எட். வகுப்புகளில் இன்னும் விரிவாகச் சொல்ல வேண்டும் என்பது என் நெடுநாள் ஆசை.

இன்று சென்னையில் மெஸ்டன், புனித கிறிஸ்டோபர் கல்வியியல் கல்லூரிகளும், பாளையங்கோட்டையில் இயேசு சபையினரின் புனித சவேரியார் கல்வியியல் கல்லூரியும் இந்த மரபின் தொடர்ச்சியாக இயங்குகின்றன. அரசியலமைப்பின் 30(1)ஆம் பிரிவு சிறுபான்மையினர் தம் கல்வி நிறுவனங்களை நிறுவி நடத்த உரிமை தருகிறது; ஆகவே நிர்வாகத்திலும் சேர்க்கையின் ஒரு பகுதியிலும் கல்லூரிக்குத் தன்னுரிமை உண்டு. அதே வேளையில், அரசின் நிதியுதவி பெறும் நிறுவனத்தில் மதத்தை மட்டும் காரணம் காட்டி ஒருவருக்கு இடம் மறுக்கக் கூடாது என்று 29(2)ஆம் பிரிவும், அரசு அங்கீகாரமோ நிதியுதவியோ பெறும் நிறுவனத்தில் ஒருவரை அவருடைய சம்மதம் இல்லாமல் மத போதனையிலோ வழிபாட்டிலோ பங்கேற்கச் செய்யக் கூடாது என்று 28(3)ஆம் பிரிவும் சொல்கின்றன. கல்லூரியில் காலை ஜெபம் நடக்கலாம், கிறிஸ்துமஸ் விழா நடக்கலாம். கல்வி உளவியல் தாளின் பாடம் நிர்வாகத்தின் சமயத்தைப் பொறுத்து மாறுவதில்லை.

சுருங்கச் சொன்னால், நிர்வாகத்தின் சமயம் பயிற்சியின் உள்ளடக்கத்தை மாற்றுவதில்லை. கல்லூரிக்குக் கல்லூரி வேறுபடுவது வேறொன்று: பயிற்சி மாணவர் எந்தப் பள்ளிக்கு அனுப்பப்படுகிறார் என்பது. நீண்ட காலமாக இயங்கும் கிறித்தவ நிறுவனங்களின் உண்மையான பலம் அங்கேதான் இருக்கிறது. பாளையங்கோட்டையில் பெண்மணிகளான மிஷனரிகள் பத்தொன்பதாம் நூற்றாண்டின் கடைசிப் பத்தாண்டில் பார்வையற்றோருக்கும் காது கேளாதோருக்கும் பள்ளிகளைத் தொடங்கினார்கள். ஃபுளோரன்ஸ் சுவெய்ன்சன் பெயரால் வழங்கும் செவித்திறன் குறைந்தோர் பள்ளியும், ஆஸ்க்வித் அம்மையார் வளர்த்த பார்வையற்றோர் பள்ளியும் அந்த ஊரில் தலைமுறைகளைப் படிக்கவைத்திருக்கின்றன. திருச்சி ஹோலி கிராஸ் கல்லூரியில் மறுவாழ்வு அறிவியலுக்கு, அதாவது மாற்றுத்திறனாளிகளுக்கான கல்வியும் பயிற்சியும் பற்றிய படிப்புக்கு, தனித் துறையே உண்டு. இத்தகைய பள்ளிகளோ துறைகளோ பக்கத்தில் இருக்கும்போது, சிறப்புக் கல்வியைச் சுவரொட்டியில் பார்க்காமல் பெஞ்சில் உட்கார்ந்து பார்க்க முடிகிறது.

சிறப்புக் கல்வி: இரக்கம் அன்று, தொழில்நுட்பம்

இப்போது மையமான செய்திக்கு வருகிறேன். சிறப்புக் கல்வி என்பது, உடலாலோ புலனாலோ அறிவுத் திறனாலோ மற்றப் பிள்ளைகளைப் போலக் கற்க இயலாத பிள்ளைக்கு, அது கற்கும் வழியைக் கண்டறிந்து கற்பிக்கும் முறை. 1995ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் சட்டம் 7 வகை ஊனங்களைச் சொன்னது. 2016ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 21 வகைகளைச் சொல்கிறது. ஆட்டிசமும், எழுத்தைப் படிப்பதிலோ கணக்கிலோ மட்டும் தடுமாற்றம் காட்டும் கற்றல் குறைபாடும் புதிதாகச் சேர்ந்தவை. ஆகவே சிறப்பாசிரியர் என்றதும் பார்வையற்றோர் பள்ளியை மட்டும் நினைப்பது போதாது.

பொறுமை போதும் என்பவர்களுக்கு நான் முதலில் காட்ட விரும்புவது பிரெய்ல் எழுத்தை. ஆறு புள்ளிகள் கொண்ட சிறு கட்டம் ஒன்றுதான் அதன் அடிப்படை. எந்தப் புள்ளிகள் மேலெழும்பியிருக்கின்றன என்பதை விரல் தடவி அறிகிறது. அச்சுத் தமிழில் நாம் 'கெ' என்று எழுதும்போது கொம்பை முதலில் போடுகிறோம். 'கொ' என்றால் ககரத்துக்கு இருபுறமும் குறி நிற்கிறது. பிரெய்லில் அப்படி இல்லை. வாயில் ஒலிக்கும் வரிசைப்படி முதலில் க, பிறகு எ அல்லது ஒ என்று இரண்டு கட்டங்கள். மெய்யெழுத்துக்கு நாம் மேலே வைக்கும் புள்ளியோ, பிரெய்லில் எழுத்துக்கு முன்னால் தனிக் கட்டமாக வந்துவிடுகிறது. 'அம்மா' என்பது அங்கே அ, புள்ளி, ம, ம, ஆ என ஐந்து கட்டங்கள். சிலேட்டில் தடித்த தாளைச் செருகி ஊசிமுனையால் குத்தும்போது புள்ளி தாளின் மறுபுறம் எழும்புவதால், வலமிருந்து இடமாக, ஒவ்வோர் எழுத்தையும் கண்ணாடியில் பார்ப்பதுபோலத் திருப்பி எழுத வேண்டும். தாளைத் திருப்பி வைத்தால் இடமிருந்து வலமாகப் படிக்கலாம். கண்ணால் படித்துப் பழகிய ஒரு பட்டதாரி முதல் வாரத்தில் தம் பெயரை எழுதி முடிக்கவே திணறுகிறார். விரலால் தடவிப் படிப்பது அதைவிடக் கடினம். பிள்ளை எழுதிய பக்கத்தில் ஒரு புள்ளி அழுந்தாமல் போனதா, எழுத்தே தெரியவில்லையா என்று பிரித்தறிய ஆசிரியருக்குத் தெரிந்திருக்க வேண்டும். எவ்வளவு இரக்கம் இருந்தாலும் இந்த அறிவு தானாக வராது.

அறிவுசார் குறைபாடு உள்ள பிள்ளைக்குக் கற்பிப்பது வேறு வகைத் திறமை. சட்டைப் பொத்தான் போடுவதை எடுத்துக்கொள்வோம். நமக்கு அது ஒரு செயல். பயிற்சி பெற்ற ஆசிரியருக்கு அது செயல்களின் வரிசை: ஒரு கையால் பொத்தானைப் பிடித்தல், மறுகையால் துளையுள்ள ஓரத்தைப் பிடித்தல், பொத்தானின் விளிம்பைத் துளைக்குள் நுழைத்தல், மறுபுறம் எட்டிப் பார்க்கும் விளிம்பை விரலால் பற்றுதல், முழுவதும் இழுத்தல். ஒரு செயலை இப்படிச் சிறு படிகளாக உடைப்பதற்குச் செயல் பகுப்பாய்வு என்று பெயர். உடைத்தபின் பல நேரங்களில் கடைசிப் படியிலிருந்து கற்பிக்கத் தொடங்குவார்கள். ஆசிரியரே பொத்தானைப் பாதி நுழைத்து நிறுத்துவார். பிள்ளை இழுத்து முடிக்கும். அது நன்றாகப் பழகியபின், விளிம்பைப் பற்றுவதும் இழுப்பதும் பிள்ளையின் வேலையாகும். இப்படியே பின்னோக்கிச் செல்வது பின்னோக்குச் சங்கிலி முறை எனப்படும். முதல் படியிலிருந்து தொடங்கினால் பிள்ளை பாதியில் சோர்ந்து நிற்க, மற்றவர் முடித்துவைப்பார். கடைசியிலிருந்து தொடங்கினால் ஒவ்வொரு முறையும் பொத்தான் பிள்ளையின் கையால்தான் மாட்டப்படுகிறது. அந்த நொடியில் அதன் முகத்தில் தெரியும் நிறைவைப் பார்த்தவர்கள், இதை வெறும் பொத்தான் என்று சொல்ல மாட்டார்கள்.

எந்தப் பிள்ளை எந்தப் படியில் நிற்கிறது என்பதை எப்படி அறிவது? சென்னை விஜய் ஹியூமன் சர்வீசஸ் நிறுவனத்தில் ஜெயச்சந்திரனும் விமலாவும் உருவாக்கிய மெட்ராஸ் வளர்ச்சி நிரலாக்க முறை இதற்குப் பெயர்பெற்ற கருவி. உணவு உண்ணுதல், உடுத்துதல், பேச்சு, எண், பணம் என 18 பகுதிகள், ஒவ்வொன்றிலும் எளிதிலிருந்து கடினத்துக்குச் செல்லும் 20 செயல்கள், ஆக 360 செயல்கள். பிள்ளை எதைச் செய்கிறது, எதைச் செய்யவில்லை என்று பார்த்துக் குறிக்கிறார் ஆசிரியர். பிறகு தனிநபர் கல்வித் திட்டம் எழுதப்படுகிறது. ஒரு பிள்ளைக்கு மட்டும் உரிய இலக்குகளும் வழிகளும் காலக்கெடுவும் கொண்ட குறிப்பு அது. "பணத்தைப் பற்றி அறிந்துகொள்வான்" என்று எழுதினால் வழிகாட்டி ஆசிரியர் திருப்பிக் கொடுத்துவிடுவார். "இரண்டு ரூபாய், ஐந்து ரூபாய் நாணயங்களைக் கலந்து வைத்து, பத்து முறை கேட்டால் எட்டு முறையாவது கேட்ட நாணயத்தை எடுத்துத் தருவான்" என்று எழுத வேண்டும். கண்ணால் பார்த்து எண்ணக்கூடியதாக இலக்கு இருந்தால்தான், மூன்று மாதம் கழித்துக் கற்பித்த முறை பலித்ததா என்று தெரியும். பலிக்கவில்லை என்றால் மாற்ற வேண்டியது முறையை.

செவித்திறன் குறைந்த பிள்ளைகளைப் பற்றி ஒன்றை மட்டும் சொல்கிறேன். உரக்கப் பேசினால் போதும் என்பது தவறு. சில பிள்ளைகளுக்குத் தாழ்ந்த ஒலி கேட்கும், 'ச' போன்ற கூர்மையான ஒலி கேட்காது. எந்த ஒலி எவ்வளவு உரத்தில் கேட்கிறது என்று காட்டும் வரைபடமான ஆடியோகிராமைப் படிக்க ஆசிரியருக்குத் தெரிந்திருக்க வேண்டும். கரும்பலகையைப் பார்த்தபடி பேசும் ஆசிரியரின் உதட்டை அந்தப் பிள்ளை பார்க்க முடியாது. அந்தப் பாடம் அதற்குக் கிடைக்கவே இல்லை. சைகை மொழியும் கையசைவுகளின் தொகுப்பு மட்டுமன்று; தனக்கென இலக்கணம் உள்ள மொழி.

ஆக, இங்கே ஒவ்வொரு குறைபாட்டுக்கும் தனித்தனி அறிவும் கைத்திறனும் தேவைப்படுகின்றன. அதனால்தான் சிறப்பாசிரியர் ஆவதற்கான சிறப்புப் பி.எட்.டில் சேரும்போதே பார்வைக் குறைபாடு, செவித்திறன் குறைபாடு, அறிவுசார் குறைபாடு, கற்றல் குறைபாடு போன்ற ஒரு பிரிவைத் தேர்ந்தெடுக்க வேண்டியிருக்கிறது.

லாரிக்குத் தனி உரிமம்

சிறப்புப் பி.எட். படிப்புக்கு அனுமதி தருவதும் தரம் வகுப்பதும் இந்திய மறுவாழ்வு கவுன்சில் என்ற அமைப்பு. 1992ஆம் ஆண்டுச் சட்டத்தால் உருவான இது, பயிற்சி முடித்தவர்களின் பெயர்களை மத்திய மறுவாழ்வுப் பதிவேட்டில் சேர்க்கிறது. மருத்துவர் பதிவு எண் இல்லாமல் மருத்துவம் பார்க்கக் கூடாது அல்லவா, அதுபோல இந்தப் பதிவு இல்லாமல் சிறப்பாசிரியராகப் பணி செய்வது சட்டப்படி தண்டனைக்குரியது. பொதுப் பி.எட். முடித்த ஒருவர் சிறப்புப் பள்ளியில் வேலைக்குச் சேர்ந்துவிட்டு, பிறகு பதிவு எண் கேட்கும்போது தவிப்பது இந்த வேறுபாடு தெரியாததால்தான். கல்லூரி ஒன்றுக்குப் பொதுப் பி.எட். நடத்த அங்கீகாரம் இருப்பதால் சிறப்புப் பி.எட். நடத்தவும் அனுமதி இருக்கும் என்று பொருளாகாது. பார்வைக் குறைபாட்டுப் பிரிவுக்கு இருக்கும் அனுமதி செவித்திறன் பிரிவுக்குச் செல்லாது.

பொதுப் பி.எட். படிப்பவர்களுக்கு இதில் அக்கறை வேண்டாமா? கட்டாயம் வேண்டும். குறைபாடு உள்ள பிள்ளையும் இல்லாத பிள்ளையும் ஒரே வகுப்பில் ஒன்றாகக் கற்கும்படி பள்ளி தன்னை மாற்றிக்கொள்வதற்கு உள்ளடக்கிய கல்வி என்று பெயர். 2016ஆம் ஆண்டுச் சட்டம் அதை வலியுறுத்துகிறது. பொதுப் பி.எட். பாடத்திட்டத்திலும் அதற்கு ஒரு தாள் இருக்கிறது. ஆனால் ஒரு தாள் படித்தவர் சிறப்பாசிரியர் ஆகிவிடுவதில்லை. பிள்ளையின் சிக்கலை அடையாளம் கண்டு, சிறப்பாசிரியரோடு சேர்ந்து வேலை செய்யும் அளவுக்கு அது உதவும். பொதுப் பள்ளிகளில் தொடக்க நிலையில் இத்தகைய 10 பிள்ளைகளுக்கு ஒருவர், அதற்கு மேல் 15 பிள்ளைகளுக்கு ஒருவர் எனச் சிறப்பாசிரியர் இருக்க வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2021இல் கூறியது. தமிழ்நாட்டில் ஒருங்கிணைந்த பள்ளிக் கல்வித் திட்டத்தின் கீழ் உள்ள சிறப்புப் பயிற்றுநர்கள் வட்டார வள மையத்திலிருந்து பள்ளி பள்ளியாகவும், எழுந்து நடமாட முடியாத பிள்ளைகளின் வீடு வீடாகவும் செல்கிறார்கள். இவ்வளவு நுட்பமான பணியைத் தொகுப்பூதியத்தில் ஆண்டுக்கணக்கில் செய்யவைப்பது சரியன்று என்பதே என் உறுதியான கருத்து.

சேர்வதற்கு முன் கேட்க வேண்டியவை

கட்டடத்தையும் விடுதியையும் பார்த்துவிட்டுத் திரும்பாமல், நான்கு செய்திகளை எழுத்தில் கேட்டு வாங்குங்கள். அங்கீகாரம் எந்த அமைப்பினுடையது, எந்தப் பிரிவுக்கு, எந்தக் கல்வியாண்டு வரை என்பது முதலாவது. 2020ஆம் ஆண்டு தேசியக் கல்விக் கொள்கை பட்டப்படிப்பும் பி.எட்.டும் சேர்ந்த நான்காண்டு ஒருங்கிணைந்த படிப்பை முன்னிறுத்துவதால் படிப்பின் வடிவமும் காலமும் மாறிவருகின்றன. மூத்த மாணவர் சொன்னதை நம்பாமல் அந்தந்த ஆண்டின் அறிவிப்பைப் பார்க்க வேண்டும். பயிற்சிப் பள்ளி எது, அங்கே வாரத்துக்கு எத்தனை வகுப்பு நேரடியாக நடத்தக் கிடைக்கும் என்பது இரண்டாவது. சிறப்புப் பி.எட். என்றால் அந்தக் குறைபாட்டுப் பிரிவில் பதிவு பெற்ற பேராசிரியர் எத்தனை பேர் என்பது மூன்றாவது. படிப்பு முடிந்தபின் பதிவேட்டில் பெயர் சேர்க்கக் கல்லூரி எந்தெந்தச் சான்றுகளைத் தரும் என்பது நான்காவது. அந்தப் பதிவையும் ஐந்தாண்டுக்கு ஒருமுறை புதுப்பிக்க வேண்டும். இடையில் தொடர் மறுவாழ்வுக் கல்விக் கருத்தரங்குகளில் கலந்துகொண்ட சான்றுகளை அதற்குக் காட்ட வேண்டியிருப்பதால், முதல் கருத்தரங்கிலிருந்தே அவற்றைத் தனிக் கோப்பில் சேர்த்து வைத்துக்கொள்ளுங்கள்.